துபாய்க்கு அங்கிட்டு

எங்கள் வீட்டில் ஆப்பிரிக்கா என்ற சொல்லை அம்மா தடைசெய்திருந்த காலம் ஒன்று உண்டு. நான் அப்போது நான்காம் வகுப்பு முடித்துப் பெரிய விடுமுறையில் இருந்தேன். விராலிமலையில் எங்கள் வீட்டுக்கு யார் வந்து, மாமாவுக்கு எங்கே வேலை என்று கேட்டாலும் 'வெளிநாட்டில்' என்று மட்டும் சொல்ல வேண்டும். எந்த வெளிநாடு என்று மேற்கொண்டு கேட்டால், எனக்கு விளையாடப் போகும் அவசரம் வந்துவிட வேண்டும். இதை அம்மா என்னை உட்காரவைத்து இரண்டு தரம் சொல்லிக்கொடுத்தாள்.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. அவர்களுடைய அப்பா அம்மா இருவரும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் மாமாவுக்கு அக்காவும் ஆத்தாவும் அம்மாதான். மாமா போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை பார்த்தார். முதலில் நம் ஊர்ப்பக்கம், அப்புறம் ஆந்திரா, அப்புறம் கப்பலேறிப் போன ஒரு வண்டியின் பின்னாலேயே ஜாம்பியா, கடைசியாகத் தான்சானியா. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விடுமுறையில் வருவார். வரும்போதெல்லாம் அம்மா அவருக்குப் பெண் பார்ப்பாள். பேச்சு ஒவ்வொரு முறையும் நன்றாகத்தான் ஆரம்பிக்கும். மாப்பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறார் என்ற கேள்வியில் வந்து முட்டிக்கொள்ளும்.

ஒரு வீட்டில் பெண்ணின் பெரியப்பா, அங்கே மனுசனை மனுசன் தின்பானாமே என்று உண்மையான கவலையோடு கேட்டாராம். இல்லைங்க, சோளமாவில் களி கிண்டித் தின்பார்கள், நம் கேப்பைக் களியை விட வெள்ளையாக இருக்கும், தொட்டுக்கொள்ளக் கீரை, ரொம்ப நன்றாக இருக்கும் என்று மாமா ஆசையாக விளக்கியிருக்கிறார். வெளிநாட்டுக்குப் போயும் களி தின்கிற மாப்பிள்ளை வேண்டாம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அந்த வருடம் அம்மா ஒரு முடிவோடு இருந்தாள். மாமா வந்து இறங்கிய மறுநாளே, சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"இந்தத் தடவையும் தட்டிப்போச்சுன்னா நீ திரும்பப் போகக் கூடாதுடா. மச்சான்கூட பஞ்சர் கடையில உக்காரு. இங்கன இருக்கவனுக்குப் பொண்ணு குடுப்பாங்க."

அப்பாவுக்குத் திருச்சி–மதுரை நெடுஞ்சாலையோரத்தில் பஞ்சர் கடை. அவர் மோரை ஊற்றிக்கொண்டார். மாமா தட்டைப் பார்த்தபடி, "சரிக்கா" என்றார். அவ்வளவு பேசுகிற மனிதர் அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டது எனக்கு ஏதோ போல் இருந்தது.

தடையெல்லாம் கீழ்த்தளத்துக்கு மட்டும்தான். மாடியில் வடாம் காயும், காக்காய் ஓட்டுவது என் வேலை. மாமா துணைக்கு வந்து தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்துகொள்வார். அங்கே ஆப்பிரிக்காவைத் தவிர வேறு பேச்சே கிடையாது.

"ஆப்பிரிக்கான்னா என்னமோ ஒரு ஊருன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க பாப்பா. அம்பத்தி நாலு நாடு. நம்ம இந்தியா மாதிரி ஒம்போதத் தூக்கி உள்ள போடலாம். மேல பூரா மணலு. நடுவுல வெயிலு தரையில விழாத காடு. எங்க பக்கம் புல்லு. ஒரு மேட்டுல ஏறி நின்னா வானம் வந்து தொடுற எடம் வரைக்கும் புல்லுதான்."

அந்தப் புல்வெளியில் அவர் எனக்காக ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டார். நியும்பு என்று ஒரு மிருகம். மாட்டுத் தலை, குதிரை முதுகு, ஆட்டுத் தாடி. பிரம்மா மிச்சம் மீதியை வைத்துச் செய்தது மாதிரி இருக்கும் என்பார். தனியாகப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் லட்சக்கணக்கில் சேர்ந்து, எங்கே மழை பெய்கிறதோ அந்தத் திசையை மோப்பம் பிடித்து நடக்குமாம். நடுவில் ஆறு குறுக்கிடும், ஆற்றில் முதலை காத்திருக்கும். கரையில் நின்று தயங்கும். பின்னாலிருந்து கூட்டம் நெருக்கும். முதலில் ஒன்று குதிக்கும், அவ்வளவுதான், ஆறே பழுப்பு நிறமாகிவிடும். இதைச் சொல்லும்போது மாமா எழுந்து நின்றுவிடுவார். ஒருநாள் வடாத்தை மிதித்துவிட்டு இருவரும் திட்டு வாங்கினோம்.

ஒட்டகச்சிவிங்கி தண்ணீர் குடிப்பதற்குப் படும் பாட்டை அவர் நடித்துக் காட்டுவார். முன்னங்கால்களை அகட்டி வைத்து, குனிவதற்கு முன் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்து, அப்புறமும் நம்பிக்கையில்லாமல் இன்னொரு முறை பார்த்து. அவ்வளவு நீளக் கழுத்திலும் நம் கழுத்தில் இருக்கிற அதே ஏழு எலும்புதான் என்றபோது நான் என் பிடரியைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். கிளிமஞ்சாரோ மலையை அவர் சொன்ன விதம் இன்னும் மனதில் இருக்கிறது. கீழே வாழைத்தோட்டத்தில் சட்டை நனையும்படி வியர்த்துக்கொண்டு நின்று நிமிர்ந்து பார்த்தால், மேகத்துக்கும் மேலே வெள்ளையாகப் பனி. முதல்தடவை அதையும் மேகம் என்றே நினைத்து விட்டுவிட்டாராம். ஜாம்பியாவில் ஓர் அருவி. அதை அந்த ஊர்க்காரர்கள் முழங்குகிற புகை என்று கூப்பிடுகிறார்கள். அருவி கண்ணில் படுவதற்கு வெகுதூரம் முன்பே புகை தெரியுமாம், காதில் இடி கேட்குமாம்.

யானைகளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் ஒரு தொழில்மரியாதை வரும். ஆறு வற்றிய கோடையில் யானை மணலில் காலால் தோண்டும். கிடைக்கும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போகும். அது போன பிறகு மான், குரங்கு, பறவை எல்லாம் அந்தக் குழியில்தான் குடிக்கும்.

"அதுதான் பாப்பா மொதப் போர்வெல்காரன். எங்களுக்கெல்லாம் அப்பன்."

எங்கள் மாடிச்சுவரில் அப்போதும் இரண்டு மயில்கள் நின்றுகொண்டிருக்கும். விராலிமலையில் மயில் என்றால் மற்ற ஊர்களில் கோழி மாதிரி. அவற்றை நான் அந்த விடுமுறை முழுவதும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மாமாவோ, தன்னோடு வேலை பார்க்கும் தான்சானியாக்காரர் ஒருவர், வீட்டு மாடியில் மயில் வந்து நிற்கும் என்று சொன்னால் நம்பவே மறுக்கிறார் என்று சொல்லிச் சிரித்தார். அவர் பெயர் ஜூமா. உனக்குப் பொய் சொல்ல வேறு எதுவும் கிடைக்கவில்லையா என்று கேட்டாராம்.

அந்த வருடம் அம்மா பார்த்து வைத்திருந்த பெண் திருக்கோகர்ணத்தில் இருந்தாள். புதுக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யும் லேப் வேலை. அவளுடைய அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டவுன் பஸ் திரும்பும் முனையில் வீடு. நாங்கள் போன அன்று ஒவ்வொரு பஸ் திரும்பும்போதும் அவர் பேச்சை நிறுத்தி ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் தொடர்ந்தார்.

கேசரியும் பஜ்ஜியும் வந்தன. மழை, வெயில், யார் யாருக்கு என்ன உறவு என்பதெல்லாம் பேசித் தீர்ந்தது. பிறகு அவர் கேட்டார்.

"மாப்ள எந்த நாட்டுல இருக்கீங்க?"

மாமா வாயைத் திறப்பதற்குள் எங்களோடு வந்திருந்த தரகர் முந்திக்கொண்டார். "துபாய்க்குக் கொஞ்சம் அங்கிட்டுங்க."

"அங்கிட்டுன்னா? மஸ்கட்டா?"

"அதுக்கும் கொஞ்சம் அங்கிட்டு."

வாழ்நாள் முழுவதும் இறங்கும் இடத்தைச் சரியாகக் கேட்டு டிக்கெட் கிழித்த மனிதர் இதோடு விடுவாரா? "ஸ்டாப்பு பேரச் சொல்லுங்க" என்றார்.

"தான்சானியாங்க" என்றார் மாமா. "ஆப்பிரிக்கா."

தரகர் மின்விசிறியை ஆராயத் தொடங்கினார். பெண்ணின் அப்பா கையில் பஜ்ஜி அப்படியே நின்றது. "அங்கிட்டு சிங்கமெல்லாம்…" என்று இழுத்தார்.

"அதெல்லாம் காட்டுலங்க" என்று அம்மா அவசரமாகச் சொன்னாள். "தம்பி இருக்கறது டவுனு."

எனக்கு அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "மாமா, ஒங்க வண்டிக்குக் கீழ சிங்கம் வந்து படுத்துச்சே, அதச் சொல்லுங்க!" என்றேன்.

மாமா அம்மாவைப் பார்த்தார். பெண்ணின் அப்பாவைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் மாடியில் வரும் அந்த வெளிச்சம் வந்துவிட்டது.

காட்டோரத்து ஊர் ஒன்றில் போர் போடப் போயிருந்தார்கள். உச்சிவெயில். சுற்றிலும் மரமே இல்லை, இருந்த ஒரே நிழல் ரிக் வண்டியின் நிழல். மாமாவும் ஜூமாவும் வண்டியின் மேலே ஏறி ஏதோ முடுக்கிக்கொண்டிருக்கும்போது, புல்லுக்குள்ளிருந்து ஒரு பெண்சிங்கம் வந்தது. பின்னால் இரண்டு குட்டிகள். நேராக வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. வெயில் சாயும்வரை இவர்கள் மேலே, அது கீழே. குட்டிகள் டயரைக் கடித்து விளையாடின. மூச்சு வாங்கும்போது அதன் விலா ஏறி இறங்குவதை இரும்பு இடுக்கு வழியாகப் பார்க்க முடிந்தது.

"தலையத் தூக்கி ஒரு தடவை எங்களப் பாத்துச்சுங்க. கண்ணு தேன் கலரு. அம்புட்டு அழகு!" என்று முடித்தார் மாமா.

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். கதவோரத்தில் காபித் தட்டோடு பெண் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, டம்ளர்களில் ஆடை கட்டியிருந்தது.

வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறோம் என்று அவர்கள் சொன்னார்கள். அதற்கு என்ன பொருள் என்று அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். பஸ் இலுப்பூரைத் தாண்டியது. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"பொண்ணு பாக்கப் போன எடத்துல ஒனக்கு வேற அழகே கெடைக்கலையாடா?"

மறுநாளிலிருந்து மாமா பஞ்சர் கடைக்குப் போனார். கொடுத்த சொல்லைக் காப்பாற்றுகிறவர். முகம் கோணாமல் டியூபைத் தொட்டியில் முக்கிக் குமிழி பார்த்தார். ஆனால் அப்பா சாயங்காலம் வந்து அம்மாவிடம் மெதுவாக முறையிட்டார். பஞ்சர் ஒட்டி முடித்த பிறகும் லாரிக்காரர்கள் கிளம்ப மாட்டேன் என்கிறார்களாம். நியும்புகள் ஆற்றைத் தாண்டினவா இல்லையா என்று தெரிந்துகொள்ள நிற்கிறார்களாம். கடைக்கு முன்னால் வண்டி நிறுத்த இடமில்லை.

சில நாள் கழித்துத் திருக்கோகர்ணத்திலிருந்து போன் வந்தது. பெண்ணின் அப்பாதான் பேசினார். வெள்ளிக்கிழமை மலைக்கு முருகனைக் கும்பிட வருகிறார்களாம். "அப்படியே மாப்ளகிட்ட ஒரு வார்த்தை பேசணும்னு பொண்ணு சொல்லுதுங்க" என்றார், அதில் தனக்குச் சம்பந்தமில்லை என்கிற குரலில்.

அம்மாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வேண்டாம் என்பதை நேரில் வந்து சொல்கிற வழக்கம் எங்கே இருக்கிறது என்று அப்பாவிடம் கேட்டாள். எனக்கு மட்டும் விஷயம் தெளிவாக விளங்கியது. சிங்கத்தின் மிச்சக் கதையைக் கேட்க வருகிறாள். நான் மாமாவிடம், அருவியில் ஆரம்பியுங்கள், யானையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்னேன்.

வெள்ளிக்கிழமை சாமி கும்பிட்டுவிட்டு இறங்கும் வழியில், படிக்கட்டு மண்டபத்தில் உட்கார்ந்தோம். பெண்ணின் அப்பா மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மாமா கையில் தேங்காய்மூடியும் பழமும் இருந்த அர்ச்சனைப் பை. எங்கள் மலைக் குரங்குகளுக்குப் பை என்றால் யாரிடம் இருந்தாலும் தங்களுடையதுதான். தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு தாட்டியான கிழக்குரங்கு வந்து பையைப் பிடித்து இழுத்துப் பல்லைக் காட்டியது. மாமா "ஐயோ!" என்று கத்திப் பையை விட்டுவிட்டு அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்பாவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சிங்கத்துக்கு மேல உக்காந்திருந்தவரு நீங்கதானா?" என்றார்.

மாமா வெட்கத்தோடு முன்னால் வந்தார். "உக்காந்திருந்தேங்க. தைரியமா உக்காந்திருந்தேன்னு சொல்லலையே. அழுதுட்டேன். ஜூமா காக்காதான் கையப் புடிச்சுக்கிட்டே இருந்தாரு."

"காக்காவா?"

"அங்க அண்ணன காக்கான்னுதாங்க சொல்லுவாங்க. என்னைவிடப் பெரியவரு, அதான் காக்கா."

பெண்ணின் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "கோட்டைப்பட்டினத்துலயும் அப்படித்தாங்க! நான் அந்த ரூட்டுலதான் ரொம்ப வருசம் ஓடுனேன். சாயபுமாருங்க வீட்டுப் புள்ளைங்க அண்ணனக் காக்கான்னுதான் கூப்புடும். எங்க காக்கா பின்னால வாராரு, அவருக்கும் சேத்து டிக்கெட் குடுங்கன்னு சொல்லும்." அவர் என் அம்மாவைப் பார்த்து, ஏதோ பெரிய சந்தேகம் தீர்ந்தவர் போல, "அண்ணன காக்கான்னு சொல்ற ஊருங்க" என்றார்.

தான்சானியா அந்த நிமிடத்தில் கடலைத் தாண்டிக் கோட்டைப்பட்டினம் வரை வந்துவிட்டது. அங்கே டீக்கு என்ன சொல்வார்கள் என்று கேட்டார். 'சாய்' என்றார் மாமா. சப்பாத்திக்கு? சப்பாத்திதான். இனி அருவிக்கு வழி திறந்துவிட்டது என்று நான் மாமாவின் முழங்கையை இடித்தேன்.

அதற்குள் அந்தப் பெண் பேசினாள். "அங்க மலேரியா ஜாஸ்தியாமே. ஒங்களுக்கு வந்திருக்கா?"

"வந்திருக்குங்க."

"எத்தன தடவ?"

மாமா அம்மாவைப் பார்க்காமல், "மூணு நாலு தடவ" என்றார்.

"எங்கிட்ட நீ சொல்லவே இல்லையேடா" என்றாள் அம்மா.

"சொன்னா நீ அழுவக்கா."

"காய்ச்சல் வந்தப்ப யாருங்க பாத்துக்கிட்டாங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

மலையடிவாரத்தில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. பெண்ணின் அப்பா வழக்கப்படி தலையைத் திருப்பவில்லை.

"ஜூமா காக்கா வேலைக்குப் போறதுக்கு முன்னாடி கஞ்சி காய்ச்சி வெச்சிட்டுப் போவாரு. மத்தபடி பகல்ல… நானேதாங்க இருப்பேன். ரூம்ல தகரக் கூரை. வெயில் ஏற ஏறச் சத்தம் போடும். அதக் கேட்டுக்கிட்டு படுத்திருப்பேன்."

இவ்வளவு பெரிய கண்டத்தில் கேட்பதற்கு எத்தனையோ இருக்க, இவள் தகரக் கூரைக்கு வந்து நிற்கிறாளே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

"அப்படியும் ஏன் திரும்பத் திரும்ப அங்கயே போறீங்க?"

இதற்கு மாமா யோசிக்கவில்லை. "தண்ணிக்குங்க" என்றார். "நம்ம பாப்பா வயசுப் புள்ளைங்க கொடத்தத் தூக்கிக்கிட்டு விடியறதுக்கு முன்னாடி கெளம்பும். வெயில் ஏறித்தான் திரும்பும். நாங்க போய் ராடு எறக்குனா மொதல்ல புழுதி வரும். அப்பறம் சேறு. அப்பறம் திடீர்னு தண்ணி பீச்சியடிக்கும். பொம்பளைங்க பாடுவாங்க பாருங்க, அதுல நீங்க யாரு, எந்த ஊரு, ஒண்ணும் கெடையாது. நம்மளயும் இழுத்து நடுவுல விட்டுருவாங்க. மறுநாள் காலையில எந்திரிச்சு அந்த ஈரத்தச் சுத்திப் பாத்தா எல்லாக் கால்தடமும் இருக்குங்க. மாடு, வரிக்குதிர, என்னமோ பறவ, புள்ளைங்க காலு. எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா. அதப் பாத்துட்டு என்னால வேற எங்கயும் இருக்க முடியலங்க."

அவள் "ம்" என்றாள். பிறகு எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, "எறங்கலாம்ப்பா" என்றாள்.

போய்விட்டது, இதுவும் போய்விட்டது என்று எனக்கு அழுகை முட்டியது. அவளோடு சேர்ந்து இறங்கினேன். எப்படியாவது நிலைமையைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று, ஒட்டகச்சிவிங்கியின் நாக்கு கருநீலமாக இருக்கும், ஒரு முழத்துக்கு நீளும் என்று சொன்னேன். "அப்படியா!" என்றவள், "ஒங்க மாமா இருக்கற ஊர்ல ஆஸ்பத்திரி இருக்காம்மா? அங்க லேப் இருக்குமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு முன்னால் ஓடிவிட்டேன்.

அன்று சாயங்காலமே போன் வந்தது. அவர்களுக்குச் சம்மதம். பெண்ணும் கூடவே போவதாக இருந்தால் மட்டும், என்று அவள் அப்பா சொன்னார்; அது தன் நிபந்தனை இல்லை, மகளுடையது என்பதையும் சேர்த்துச் சொன்னார். அம்மா போனை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பா கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு அல்வா வாங்கி வந்தார். ஆப்பிரிக்கா மீதிருந்த தடை அந்தக் கணமே நீங்கியது. அம்மாவே தெருவில் போகிறவர்களை நிறுத்தி, "தான்சானியாங்க, அங்க பனிமலையெல்லாம் இருக்கு" என்று சொன்னதைக் கேட்டேன்.

நிச்சயதார்த்தம் முடிந்தது. கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. தடை நீங்கிய ஆப்பிரிக்காவை முழுசாகக் கேட்டுவிடலாம் என்று நான் ஆவலோடு மாடிக்குப் போனேன். மாமா தண்ணீர்த் தொட்டி நிழலில்தான் இருந்தார். காதில் போன். முன்பெல்லாம் எழுந்து நின்று கையை வீசிப் பேசியவர் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, யாரோ சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "ம்" என்பார். வெகுநேரம் கழித்து இன்னொரு "ம்" என்பார். நான் முதலை என்றேன். "நாளைக்குச் சொல்றேன் பாப்பா" என்றார். மறுநாள் நீர்யானை என்றேன். அதற்கும் நாளைக்குத்தான். வடாத்தில் காக்காய் உட்கார்ந்தது, அதைக்கூட அவர் பார்க்கவில்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, மாமாவிடம் இருந்த மிருகங்கள் எல்லாம் தீர்ந்துபோய்விட்டன. அவ்வளவு பெரிய கண்டத்தை என்னிடமும் லாரிக்காரர்களிடமும் சொல்லியே காலிசெய்துவிட்டார். மாமாவைவிட, இனிமேல் அத்தை என்று நான் கூப்பிட வேண்டிய அந்தப் பெண்ணை நினைத்துத்தான் பாவமாக இருந்தது. அவ்வளவு தூரம் போய் அவள் பார்ப்பதற்கு அங்கே என்ன மிச்சம் இருக்கப்போகிறது?